சூட்டில் மட்டும் செல்ஃப் எடுக்காத பழைய கார்: பழுது சாவிக்குப் பின்னால் இருந்தது

சூடாக இருக்கும்போது மட்டும், அதுவும் எப்போதாவது மட்டும், செல்ஃப் எடுக்காமல் நின்றுவிடும் என் பழைய பெட்ரோல் கார் இப்போது சாவியைத் திருப்பியதும் ஓடுகிறது. நல்ல வெயிலில் நீண்ட தூரம் ஓட்டி, வேண்டுமென்றே அணைத்து, கால் மணி நேரம் நிற்கவிட்டு, மறுபடி திருப்பிப் பார்த்தாயிற்று. தகராறு இல்லை. பேட்டரியை மாற்றவில்லை. செல்ஃப் மோட்டாரையும் மாற்றவில்லை. மாற்றியது இக்னிஷன் ஸ்விட்சின் மின்பாகம். புதிதாகச் சேர்த்தது ஒரு ரிலே, அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்காந்த ஸ்விட்ச். இரண்டின் விலையும் சேர்ந்தாலும் புது பேட்டரி விலையில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வழியில் உண்மையாகவே பழுதான வேறு சில விஷயங்களும் கிடைத்தன. ஒவ்வொன்றையும் சரிசெய்தபோது இதுதான் காரணம் என்று தோன்றியது. விட்டுவிட்டு வரும் பழுதில் பெரிய சிக்கலே இதுதான் என்பதால் அவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி இருபது வருஷத்துக்கு மேல் பழையது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு நேரடியாக வயர் போகிறது, நடுவில் ரிலே கிடையாது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இதே அமைப்புதான்.

முதலில் பழுதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று பொதுவாகச் சொல்வதில் முற்றிலும் வேறான இரண்டு பழுதுகள் கலந்து கிடக்கின்றன. எஞ்சின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. நன்றாகச் சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப் ரிலே, ஸ்பார்க் என்று வேறு பாதையில் போக வேண்டும். இந்தப் பதிவில் அதற்கு வேலை இல்லை. என் வண்டியில் எஞ்சின் சுற்றவே இல்லை. அந்த நேரத்தில் தள்ளிவிட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். அதனால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரி என்று ஒதுக்க முடிந்தது.

அடுத்து ஒரு சின்ன நோட்டை வண்டியிலேயே போட்டேன். ஒவ்வொரு முறை அடம்பிடித்தபோதும் நான்கு விஷயங்களைக் குறித்தேன்: எஞ்சின் சூடா குளிரா, அணைத்து எவ்வளவு நேரம் ஆச்சு, சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம், ஹெட்லைட் என்ன செய்தது. சத்தமும் ஹெட்லைட்டும் எந்தக் கருவியும் இல்லாமலே நிறையச் சொல்லிவிடும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பும்போது வெளிச்சம் ஒரேயடியாகச் செத்துப்போனால் பேட்டரி காலி, அல்லது பேட்டரி டெர்மினலில் லூஸ் காண்டாக்ட். பட்படவென்று தொடர்ந்து தட்டும் சத்தம் கேட்டாலும் பெரும்பாலும் அதே கதை. ‘டொக்’ என்று அழுத்தமாக ஒரே ஒரு சத்தம் கேட்டு மோட்டார் சுற்றவில்லை என்றால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாரோடு சேர்ந்த மின்காந்த ஸ்விட்ச்) இழுத்துவிட்டது, ஆனால் அதன் உள்ளே உள்ள பெரிய காண்டாக்ட்டோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ வேலை செய்யவில்லை. என் வண்டியில் இவை எதுவும் இல்லை. வெளிச்சம் லேசாக மட்டும் மங்கியது. சில நேரம் மெல்லிய ‘டிக்’, சில நேரம் அதுகூட இல்லை. சொலினாய்டுக்கு ஏதோ கரண்ட் போகிறது, இழுக்கும் அளவுக்குப் போகவில்லை என்று அந்த நோட்டு அப்போதே சொல்லிக்கொண்டிருந்தது.

நேரத்தைப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒருபோதும் பிரச்சினை வரவில்லை. ஓட்டி நிறுத்திய உடனே திருப்பினாலும் எடுத்துவிடும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி, பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் திருப்பினால்தான் தகராறு. ஒரு மணி நேரம் போனால் மறுபடி சரி. ஓடும்போது காற்றோட்டத்தால் செல்ஃப் மோட்டார் ஓரளவு குளிர்ந்தே இருக்கும். நின்ற பிறகுதான் எஞ்சின் பிளாக்கின் சூடும் எக்ஸாஸ்டின் சூடும் அதற்குள் இறங்கும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 80 டிகிரி ஏறினால் முப்பது சதவீதத்துக்கு மேல். அதே வோல்ட்டேஜில் கரண்ட் குறைந்து, சொலினாய்டு வலு குறைந்து இழுக்கும்.

சரி, பேட்டரியிலிருந்து தொடங்கினேன். எல்லோரும் முதலில் பேட்டரியை மாற்றத்தான் சொல்வார்கள். இரவு முழுக்க நிற்கவிட்டுக் காலையில் அளந்தபோது 12.6 வோல்ட். முழு சார்ஜில் ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரி காட்ட வேண்டிய அளவு அதுதான், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேற்பரப்பு சார்ஜ் காரணமாகக் கூடுதலாகக் காட்டும், அந்த எண்ணை நம்ப வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் ஈயத் தூண்களிலேயே மல்டிமீட்டரின் புரோபை வைத்து அளந்தேன்: 10.4. அறை வெப்பத்தில் 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14.2, ஆகவே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் சரி. பேட்டரி குற்றவாளி இல்லை என்று பேனாவால் அடித்துவிட்டேன்.

டெர்மினல்களில் மட்டும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. இங்கே ஒரு சோதனை, செலவே இல்லாதது, ஆனால் இந்த வேலை முழுக்கக் கைகொடுத்தது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு புரோபை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மற்றொன்றைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்து, கூட ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு இடமும் ஒரே எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த உலோகம் என்பதால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு 0.48 வந்தது. எர்த் பட்டையின் பாடி முனையில் போல்ட்டுக்கு அடியில் துரு. கழற்றி, உப்புத்தாள் போட்டு, பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கினேன். துருப்பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் வாசலின். மறுபடி அளந்தபோது 0.12. பாசிட்டிவ் பக்கம், அதாவது பேட்டரி பாசிட்டிவ் தூணிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை, 0.32. அரை வோல்ட்டுக்குள் இருக்கிறது என்பதால் அதை அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

இதற்குப் பிறகு வண்டி கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தது. எர்த்தான் காரணம் என்று நம்ப எல்லா நியாயமும் இருந்தது: பழுது இருந்தது, சரியாயிற்று, அளவு குறைந்தது. ஆனால் இடையில் வானிலை குளுமையாக இருந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெயில் திரும்பியதும் பழுதும் திரும்பியது. எர்த்தில் போன அந்த மூன்றில் ஒரு வோல்ட் மொத்த இழப்பில் ஒரு பகுதி மட்டுமே. அதை மீட்டதால் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்த சொலினாய்டு சூடு கூடியதும் மறுபடி கீழே போய்விட்டது.

அடுத்த சந்தேகம் செல்ஃப் மோட்டார்மேல். கேட்டவர்களில் பலரும் செல்ஃபைத்தான் கைகாட்டினார்கள், சூட்டில் மட்டும் வரும் பழுதுக்கு அது நியாயமான ஊகமும்கூட. கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட வேண்டும். செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளுக்குச் சாவியோ ஃபியூஸோ எதுவும் காவல் இல்லை. அது எப்போதும் உயிரோடு இருக்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் ஸ்பேனரே பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டேன். மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் மேல் போல்ட் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. நீளமான எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயின்ட்டும் இல்லாமல் அதைத் தொடவே முடியாது.

வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது. கார்பன் பிரஷ்ஷில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. பிரஷ் உரசும் செம்பு உருளையான காமுட்டேட்டர் கறுத்திருந்தது, குழியில்லை. சொலினாய்டின் செம்புக் காண்டாக்ட்டுகளில் லேசான பொரிவு மட்டும். சொலினாய்டுக்குள் நகரும் இரும்புத் தண்டான உலக்கை தடையில்லாமல் ஓடியது. பிரஷ் தூளை ஊதி எடுத்து, காமுட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் துடைத்து, பினியன் என்ற சின்னப் பற்சக்கரம் ஓடும் தண்டில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசி மாட்டினேன். உலக்கைக்குக் கிரீஸ் போடக் கூடாது, தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். மாட்டுவதற்கு முன் தரையில் காலால் அழுத்திப் பிடித்து ஜம்பர் கேபிளில் ஓட்டிப் பார்த்தேன். சொலினாய்டு ‘டொக்’கென்று அடித்து, மோட்டார் துள்ளிச் சுற்றியது. சும்மா சுற்றுவது சுமையோடு சுற்றுவதற்குச் சான்று ஆகாது, ஆனால் உள்ளே உடைந்தது எதுவும் இல்லை என்று தெரிந்தது. புது மோட்டார் வாங்கியிருந்தால் இந்த வேலையிலேயே பெரிய செலவு அதுவாகத்தான் இருந்திருக்கும். வாங்கியும் பழுது தீர்ந்திருக்காது.

அதுவரைக்கும் நான் அளந்தது எல்லாம் வண்டி நன்றாக இருக்கும்போது அளந்தது. அடம்பிடிக்கும் நிமிஷத்தில் பானெட்டைத் திறந்து, மீட்டரைத் தேடி, சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் கையை விடுவதற்குள் வண்டி சரியாகிவிடும். ஆகவே மீட்டரை வண்டிக்குள்ளேயே நிரந்தரமாக வைக்க முடிவெடுத்தேன். செல்ஃப் மோட்டாரில் மூன்று இடம் முக்கியம்: பேட்டரியிலிருந்து வரும் பெரிய போல்ட், சாவியிலிருந்து வரும் சின்ன முனை, மோட்டாரின் உடம்பு. பல வண்டிகளின் வயரிங் படத்தில் பெரிய போல்ட்டை 30 என்றும் சின்ன முனையை 50 என்றும் குறித்திருப்பார்கள். நான் 50ஆம் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர், உடம்பிலிருந்து ஒரு வயர், பேட்டரித் தூண்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வயர் எடுத்தேன். பாசிட்டிவிலிருந்து வரும் ஒவ்வொரு வயருக்கும் அது தொடங்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ். இதைத் தவிர்க்கவே கூடாது. மெல்லிய வயர் எங்காவது உரசி எர்த் ஆனால் தீப்பிடிக்கும். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகும் பகுதிக்குச் சூடு தாங்கும் கண்ணாடி இழை ஸ்லீவ். எஞ்சினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டில் இருந்த பழைய ரப்பர் புஷ் வழியே உள்ளே கொண்டுவந்து, இரண்டு சாதாரண மல்டிமீட்டரில் இணைத்தேன். குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதி உள்ள மீட்டராக இருந்தால் இன்னும் நல்லது.

குளிர்ந்த எஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.4, 50ஆம் முனை 9.1. அந்த வித்தியாசமே கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் வண்டி ஓடியது. பிறகு ஒரு சூடான மதியத்தில் எதிர்பார்த்தது நடந்தது. சாவியைத் திருப்பிப் பிடித்தேன், மெல்லிய ‘டிக்’, அமைதி. பேட்டரி மீட்டரில் 12.2. மற்ற மீட்டரில் 7.1.

அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் மனசுக்குப் பெரிய நிம்மதி. பேட்டரியில் தெம்பு இருக்கிறது, செல்ஃப் மோட்டார் வாசலுக்கு வருவதற்குள் ஐந்து வோல்ட்டுக்கு மேல் வழியில் காணாமல் போகிறது. பொதுவாக ஒரு சொலினாய்டு இழுக்க 8 வோல்ட் பக்கம் வேண்டும், சூட்டில் அதற்கும் மேல். 7.1இல் இது இழுக்காதது இயற்கை. இன்னொன்றும் புரிந்தது. சொலினாய்டுக்குள் இரண்டு சுருள் உண்டு: இழுக்க ஒன்று, பிடித்து வைக்க ஒன்று. இழுத்து முடித்ததும் முதல் சுருளுக்கு வேலை இல்லை, கரண்ட் சட்டென்று குறைந்துவிடும். அதனால்தான் வண்டி நன்றாக எடுக்கும்போது இந்த இழப்பு ஒரு கண்சிமிட்டும் நேரம் மட்டும் இருந்து, மீட்டருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இழுக்க முடியாமல் தவிக்கும்போதுதான் முழு கரண்டும் தொடர்ந்து ஓடி, எண் நின்று காட்டுகிறது.

இனி ஐந்து வோல்ட் எங்கே போகிறது என்று துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். வயரின் மின்தடையை நேரடியாக ஓம்ஸில் அளந்து பார்த்தால் 0.4 காட்டியது. இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டாலே அந்த மீட்டர் 0.2 காட்டும். மீதி 0.2 ஓம். பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஆனால் சொலினாய்டு 25 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 0.2 ஓம்தான் 5 வோல்ட். சுமை இல்லாமல் அளக்கும் ஓம்ஸில் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதை இந்தக் கணக்கு எனக்கு நன்றாக உணர்த்தியது.

சுமை வேண்டும், ஆனால் வண்டி அடம்பிடிக்கும் தருணத்துக்காகக் காத்திருக்கவும் முடியாது. அதற்கு ஒரு ஹெட்லைட் பல்பு போதும். 60/55 வாட் எச்4 பல்பின் இரண்டு இழைகளையும் இணையாகச் சேர்த்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு அடைக்கட்டை. செல்ஃப் மோட்டாரின் 50ஆம் முனையில் செருகியிருந்த வயரைப் பிடுங்கி, அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பை மாட்டினேன். இப்போது சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தால் எஞ்சின் சுற்றாது, பல்பு எரியும், கரண்ட் நிலையாக ஓடும். அவசரமில்லாமல் அளக்கலாம். பல்பு கடுமையாகச் சுடும் என்பதால் பிளாஸ்டிக்மேல் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கு மேல் பிடிக்கவில்லை.

வீட்டில் ஒருவர் சாவியைப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்டியரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, இக்னிஷன் ஸ்விட்ச் கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு அளந்தேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஸ்விட்சின் உள்வரும் வயர் வரை 0.3 வோல்ட். ஸ்விட்சின் வெளிவரும் வயரிலிருந்து 50ஆம் முனை வரை 0.3. ஸ்விட்சின் குறுக்கே மட்டும் 1.2. அதோடு விடாமல், சாவியை லேசாக முன்னும் பின்னும் ஆட்டியபோது அந்த எண் 0.6க்கும் 1.5க்கும் நடுவே குதித்தது. நல்ல ஸ்விட்ச் அங்கே 0.1 காட்டினாலே அதிகம். பல தடவை திருப்பினால் ஒரு தடவை ஏன் எடுத்துக்கொள்கிறது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது: ஒவ்வொரு தடவையும் காண்டாக்ட் வேறொரு புள்ளியில் போய் உட்காருகிறது.

ஸ்விட்சை எடுப்பது நினைத்ததைவிட எளிது. சாவி போடும் பூட்டு வேறு, அதன் பின்னால் உள்ள மின்பாகம் வேறு. பல வண்டிகளில் இரண்டு சின்ன ஸ்க்ரூவில் அது தனியாக வந்துவிடும், சாவியை மாற்ற வேண்டியதில்லை. ஸ்டியரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷம் பொறுத்த பிறகே அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றும் முன் வயர்களின் நிறவரிசையை ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

பழைய மின்பாகத்தை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத்தான் பிரித்தேன். உள்ளே சின்ன ஸ்பிரிங்கும் குண்டுமணியும் இருக்கும், தெறித்தால் கிடைக்காது. திறந்ததும் கருகிய வாசனை வந்தது. ஸ்டார்ட் காண்டாக்ட்டின் நடுவில் குழி, சுற்றிலும் கறுப்பு, பழைய கிரீஸ் தார்போல இறுகியிருந்தது. கனெக்டரில் அந்த ஒரு பின் இருந்த பிளாஸ்டிக் மட்டும் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. இருபது வருஷமாகச் சொலினாய்டின் முழு கரண்டையும் இந்தச் சின்ன செம்புத் துண்டு தாங்கியிருக்கிறது. சாவியை விடும் ஒவ்வொரு முறையும் சுருளிலிருந்து திரும்பி வரும் பொறி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

தெரிந்துகொள்வதற்காக அதைத் தேய்த்து மாட்டி அளந்தேன். 1.2 இருந்தது 0.3 ஆனது. ஆனால் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருந்தது, குழி அப்படியே இருந்தது. இதை நம்பி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. புது மின்பாகம் போட்டதும் 0.06. கனெக்டரில் தளர்ந்து கருகிய பெண் பின்னை வெட்டியெறிந்து புதுப் பின் கிரிம்ப் செய்தேன், அதாவது வயரோடு அழுத்திப் பிடிக்கவைத்தேன். மெயின் ஃபியூஸ் பெட்டியில் ஸ்விட்சுக்குப் போகும் வயரின் போல்ட்டைக் கழற்றித் துடைத்து இறுக்கியதில் அந்தப் பக்கத்து 0.3 பாதியாகக் குறைந்தது.

இதோடு நிறுத்தியிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். ஆனால் புது ஸ்விட்சும் அதே சுமையைத் தாங்கி அதே வழியில்தான் போகும். அதனால் ரிலே. 12 வோல்ட், 40 ஆம்பியர், நான்கு கால் உள்ள சாதாரண வண்டி ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் காலுக்கு 4 சதுர மி.மீ. வயர். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 87ஆம் காலிலிருந்து செல்ஃப் மோட்டாரின் 50ஆம் முனைக்கு அதே தடிமனில் இன்னொரு வயர். ரிலே சுருளின் இரு முனைகளில், சாவியிலிருந்து வந்த பழைய வயரை 86இல் செருகி, 85ஐ எர்த்துக்குக் கொடுத்தேன். உள்ளே டயோடு உள்ள ரிலே என்றால் 86தான் பாசிட்டிவ் பக்கம். மாற்றி இணைத்தால் டயோடு போய்விடும். இனி சாவி சுமக்க வேண்டியது ரிலே சுருளின் கரண்டை மட்டும்தான், அது கால் ஆம்பியர்கூட இல்லை. கிளட்ச் ஸ்விட்சோ ஆட்டோமேட்டிக் வண்டியின் நியூட்ரல் ஸ்விட்சோ இருந்தால் அது சாவி வயரிலேயே இருப்பதால் அந்தப் பாதுகாப்பும் கெடாது.

இழுக்கும் நொடியில் 40 ஆம்பியர் வரை போகலாமே, 30 ஆம்பியர் ஃபியூஸ் தாங்குமா என்று நானும் யோசித்தேன். அது கண்சிமிட்டும் நேரம்தான், உடனே பத்து ஆம்பியருக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்துக்கு ஃபியூஸ் உருகாது. இதுவரை உருகவில்லை. சொலினாய்டு எங்காவது சிக்கி நின்றால் உருகும், அப்போது உருகவும் வேண்டும்.

ரிலேயில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பெயர் தெரிந்த தரமான ரிலேயாக வாங்கி, பானெட்டைத் திறந்ததும் கையால் பிடுங்கி எறியக்கூடிய இடத்தில், கால்கள் கீழே பார்க்க, எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் பொருத்தினேன். எல்லா முனைகளும் சரியான கிரிம்ப் கருவியில் அழுத்தியவை, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். கொறடாவால் நசுக்கிய லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) இந்த இடத்தில் நம்ப முடியாது; இன்னொரு 0.1 ஓமை நாமே உருவாக்கி வைப்பதாகிவிடும்.

வேலை முடிந்த பிறகு குளிரில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.5, 50ஆம் முனை 10.2. சூட்டில், முன்பு அடம்பிடித்த அதே இடைவெளியில் நிறுத்தித் திருப்பினாலும் வித்தியாசம் 0.3ஐத் தாண்டவில்லை. சத்தமே மாறிவிட்டது. முன்பு தயங்கித் தயங்கி வந்த ‘டொக்’ இப்போது திருப்பியதும் அழுத்தமாகக் கேட்கிறது.

இன்னொரு வண்டியில் இதே பழுது வந்தால் வரிசையை மாற்றுவேன். பேட்டரித் தூணில் அளவு, எர்த் பக்கத்து இழப்பு, அடுத்ததே 50ஆம் முனையிலிருந்து உள்ளே வரும் வயர். செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது கடைசி. இந்த வண்டியில் அதிக நேரத்தையும் விரல் முட்டியில் அதிகக் கீறல்களையும் வாங்கியது அந்த மேல் போல்ட்தான், கண்டுபிடிப்புக்கு அது எதுவும் தரவில்லை. எச்4 பல்புச் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்வது முக்கியம். குளிரில் அதே ஸ்விட்ச் 0.6க்குப் பக்கத்தில் ஓரளவு நல்ல பிள்ளையாகக் காட்டியது, அதை மட்டும் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருக்கலாம்.

அளப்பதற்காக வண்டிக்குள் இழுத்த வேவு வயர்களைப் பிடுங்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன சாக்கெட்டில் முடித்து வைத்திருக்கிறேன். மீட்டரைச் செருகினால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நோட்டின் பின்பக்க அட்டையில் வண்டி நன்றாக இருக்கும்போது எடுத்த அளவுகள் எல்லாம் குளிர், சூடு என்று இரண்டு பத்தியாக இருக்கின்றன. கையுறைப் பெட்டியில் அதே ரகத்து ரிலே ஒன்றும் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டும் கிடக்கின்றன. மிச்சம் இருப்பது பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் அந்தத் தடித்த பாசிட்டிவ் கேபிள். 0.32 என்பது எல்லைக்குள்தான். ஆனாலும் லக்கின் கழுத்தில் இன்சுலேஷனுக்கு அடியில் பச்சை தெரிகிறது, வளைத்துப் பார்த்தால் உள்ளே இழைகள் முறுமுறுக்கின்றன. 25 சதுர மி.மீ. கேபிளும் இரண்டு லக்கும் வாங்கி வைத்தாயிற்று. அடுத்த முறை பேட்டரியைக் கழற்றும்போது அதை மாற்றிவிட்டு, கிடைக்கும் அளவை இதே நோட்டில் சேர்க்க வேண்டும்.